கேட்டவளுக்குப் பாதி

மேற்கே மலை முதுகைக் காட்டிப் படுத்திருக்க, கிழக்கே செம்மண் காடு வாயைப் பிளந்து கிடக்க, இரண்டுக்கும் நடுவே யாருக்கும் யாரையும் பிடிக்காத ஒரு டவுன் இருந்தது, அதற்கு ஆலங்கிணறு என்று பெயர், ஆனால் அங்கே ஆலமரமும் கிடையாது, கிணறு இருந்த இடத்தில் பஸ் ஸ்டாண்டு வந்து வருடம் பல ஆயிற்று. மேலத்தெருவுக்குக் கீழத்தெருவைப் பிடிக்காது, கீழத்தெருவுக்குக் கோயில் தெருவைப் பிடிக்காது, கோயில் தெருவுக்குக் கோயிலுக்குள் இருக்கிற சாமியைத் தவிர ஒருத்தரையும் பிடிக்காது, ஆனால் எல்லாத் தெருவும் ஒரே மனதாக வெறுத்த ஆள் ஒருவர் உண்டு, அவர்தான் ஆவுடையப்பன்.

அவர் செய்த குற்றமெல்லாம் தண்ணீர் விட்டது. பேரூராட்சியில் வால்வு திறக்கிற வேலை. ஆள் உயரத் தண்டும் மேலே குறுக்குப் பிடியுமாக ஒரு இரும்புச் சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு, கோழி கூவும் முன்னே தெருத்தெருவாகப் போய்த் திருகுவார், சாவியின் ஒரு நுனியை ரோட்டில் ஊன்றி மறுநுனியில் காதை வைத்து மண்ணுக்கடியில் குழாய் எங்கே கசிகிறது என்று கேட்பார். எந்தத் தெருவுக்கு எவ்வளவு விட்டாலும் அடுத்த தெருவுக்குக் கூட விட்டுவிட்டார் என்றுதான் பேச்சு. ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்த அன்று அவருக்கு ஒரு துண்டு போர்த்தக்கூட ஆள் இல்லை. புதிதாக வந்த வால்வுக்காரன் இன்னும் மோசமாக விட்டான், அதற்கும் இவரைத்தான் ஏசினார்கள், இவர்தான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார் என்று.

அவர் பெண்டாட்டி சண்முகவடிவு பஞ்சாயத்துப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு ஆக்கிப்போட்டவள், அவளும் அந்த வருடம் பங்குனியோடு ஓய்வு பெற்றுவிட்டாள். அங்கேதான் வினை தொடங்கியது. ஏனென்றால் கல்யாணமாகி இத்தனை காலத்தில் இரண்டு பேரும் ஒரு முழுப் பகலைச் சேர்ந்து பார்த்ததே இல்லை. அவர் விடியுமுன் போனால் அவள் எட்டு மணிக்குப் போவாள், அவர் மத்தியானம் வந்து தூங்கி எழுந்து சாயங்காலத் தண்ணீருக்குப் போனபிறகு அவள் வருவாள், அதனால் ஒருவரை ஒருவர் நல்லவர் என்று நம்பிக்கொண்டே பிள்ளையைப் பெற்று, வளர்த்து, ஓசூரில் கட்டிக்கொடுத்து, காலத்தை ஓட்டிவிட்டார்கள். இப்போது சித்திரை மாதத்துப் பகல், நீளமான பகல், ஒரே வீட்டில் இரண்டு பேர். பேப்பரை அவர் மடிக்கிற விதம் அவளுக்குப் பிடிக்கவில்லை. துவைத்த துண்டை டி.வி. மேல் போடுவது பிடிக்கவில்லை. மின்விசிறியை அவள் மூன்றில் வைத்தால் அவர் வந்து ஐந்தில் வைப்பார், காப்பியை அவர் உறிஞ்சுகிற சத்தம் அடுக்களை வரைக்கும் வந்து அவள் பிடரியில் உட்காரும்.

"இத்தனை வருசமா இப்படித்தான் உறிஞ்சினீகளா?"

"இத்தனை வருசமா நீதானட்டி போட்டுத் தந்தே."

"போட்டு மூடி வச்சிட்டுப் போவேன். உறிஞ்சினதை எந்தக் காலத்துல கேட்டேன்?"

அது போதாதென்று, நூற்று நாற்பது பிள்ளைகளுக்கு அள்ளிப்போட்ட அவள் கைக்கு இரண்டு பேருக்கு அள்ளத் தெரியவில்லை. ஒருநாள் வைத்த சாம்பாரை அவர்கள் மூன்று நாள் தின்றார்கள், மூன்றாம் நாள் சாம்பார் இரண்டு பேரையும் தின்றது. அப்போதுதான் அவள் ஒரு முடிவுக்கு வந்தாள்: இந்தக் கையின் அளவுக்குச் சரியாக வருகிற பண்டம் உலகத்தில் ஒன்றே ஒன்று, அது கூழ்வத்தல், அதைத் தெருவுக்கே போட்டாலும் தப்பில்லை, ஆண்டு முழுக்க இருக்கும்.

அப்படியாகக் கத்திரி வெயில் தொடங்கிய அன்று, மாடு கத்தும் முன்னே எழுந்து, அரிசிமாவும் ஜவ்வரிசியும் பச்சைமிளகாயும் பெருங்காயமும் போட்டுக் கூழ் கிண்டி, தட்டட்டியில், அதாவது அந்தப் பக்கத்தில் மொட்டைமாடிக்குச் சொல்கிற பெயர், அவருடைய பழைய வேட்டிகளை நனைத்து விரித்து, அச்சில் கூழை அடைத்து, உட்கார்ந்த வாக்கிலேயே பின்னுக்கு நகர்ந்து நகர்ந்து வரிசையாகப் பிழிந்தாள். காக்காய் விரட்டக் கறுப்புக் குடையும் ஒரு கம்புமாக ஆவுடையப்பனை நடுவில் உட்கார வைத்தாள். பிழிகிற நேரமெல்லாம் வாய் ஓய்வதில்லை.

"வத்தலுக்கு வாற வெயிலை மறிச்சுக்கிட்டு உக்காந்திருக்கீகளே, குடையைச் சாய்ச்சுப் பிடிக்கத் தெரியாதா? ஊருக்கே தண்ணி விட்டாகளாம்!"

அவருக்கு ஊர் ஏசி ஏசிப் பழகிய காது, அது ஒன்றும் புதிதில்லை. குடையைச் சாய்ப்பார், நிழல் அடுத்த வேட்டியில் விழும், அதற்கும் ஏச்சு விழும்.

ஒருநாள் அவர் முடி வெட்டிக்கொண்டு வந்தபோது கட்டிலுக்கு அடியில் சாவி இல்லை. ஓய்வு பெற்றபோது, துருப்பிடித்த பழசு, வேண்டாம் என்று பேரூராட்சி அவரிடமே விட்டுவிட்ட அந்தச் சாவி, ஞாயிற்றுக்கிழமைதோறும் தேங்காய் எண்ணெய் பூசித் துடைத்துவைக்கிற சாவி, இல்லை. அடுக்களையில் புதிதாக ஒரு அலுமினிய அண்டா பளபளத்தது.

"பழைய இரும்புக்காரன் வந்தான். போட்டுட்டு இதை வாங்கினேன்" என்றாள் வடிவு, முகத்தைத் திருப்பாமலே. "பெருக்கும்போதெல்லாம் காலில இடிக்கு. கூழுக்குப் பாத்திரம் பத்தல."

அவர் சட்டையைக் கூடக் கழற்றாமல் மாடிக்கு ஏறினார். வெயில் தலையில் ஆணி அடிக்கிற நேரம், நாலு வேட்டி நிறைய வத்தல், நடுவில் அவர். தண்ணீர்த் தொட்டியின் மேல் ஒரு காக்காய் வந்து உட்கார்ந்து தலையைச் சாய்த்துக் கேட்டது, என்ன சங்கதி என்று. முப்பத்தெட்டு வருடம் சொல்லாத ஒரு பேச்சை ஆவுடையப்பன் அந்தக் காக்காயிடம் சொன்னார்.

"இவ போய்ச் சேந்தாத்தான் எனக்கு ஒரு வாய்த் தண்ணி நிம்மதியா இறங்கும்."

காக்காய் பறந்துவிட்டது. சொன்னவுடனே அவருக்கு நாக்கு வறண்டுபோயிற்று. கீழே இறங்கலாம் என்று எழுந்தால், மேல்படியில் ஒரு சொம்பு மோர் இருந்தது, இஞ்சியும் கறிவேப்பிலையும் தட்டிப்போட்டு. காலையிலே கொண்டுவந்து வைத்துவிட்டு மறந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டார். எடுத்துக் குடித்தார், சில்லென்று இறங்கியது, சொம்பைக் கவிழ்த்து வைத்தார், அத்தோடு அதை மறந்தும்போனார்.

மறுநாள் வேட்டியைத் திருப்பிப்போட்டு முதுகில் தண்ணீர் தெளித்து வடிவு வத்தலை உரித்தாள், இன்னும் இரண்டு வெயில் காட்டி டின்னில் கொட்டினாள், முதல் ஈடு அக்கம்பக்கத்துக்கு என்பது வழக்கமாகையால் பொட்டலம் பொட்டலமாகக் கட்டித் தெருவுக்குக் கொடுத்தனுப்பினாள். அடுத்த நாள் மத்தியானம் பக்கத்து வீட்டுப் பிரமு கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"மதினி, வத்தல்ல ஒரு கல்லு உப்பு கம்மி."

"அப்படியா? அடுத்த ஈட்டுல கூட்டிப் போடுதேன்."

"பொரிஞ்சது நல்லாப் பொரிஞ்சுது. அப்புறம் அது அண்ணாச்சியை ஏசுது."

"என்னன்னு ஏசுது?"

"குடையைச் சாய்ச்சுப் பிடிக்கத் தெரியாதான்னு ஏசுது. உங்க குரல்தான். எண்ணெயில போட்டதும் விரிஞ்சு எந்திரிச்சு ஒரு தடவை சொல்லிச்சு, அப்புறம் சும்மா கெடந்துது. எங்க வீட்டுல அவுக ரெண்டாவது கேட்டு வாங்கித் தின்னாக."

"நான் கேட்டதைத்தான கேட்டிருக்கு" என்றாள் வடிவு. "இல்லாததையா சொல்லிட்டு?"

ஈரமாக எது கிடந்தாலும் அந்த வருடத்துக் கத்திரி வெயில் காயவைத்துவிட்டது, வாயிலிருந்து வருகிற சொல்லும் ஈரம்தானே, அவ்வளவுதான் விஷயம், அதற்குமேல் அதைப் பற்றி ஆலங்கிணற்றில் யாரும் யோசிக்கவில்லை. ஓசூரிலிருந்து மகள் போன் செய்தாள், "அம்மா, பார்சல் வந்துது, இந்தத் தடவை வத்தல் அப்பாவைத் திட்டுது" என்றாள், "சரியாத்தான் சொல்லும், பிள்ளைகளுக்கு ரொம்பப் பொரிச்சுக் கொடுக்காதே, இருமும்" என்றாள் இவள்.

ஆனால் ஈசிசேரில் படுத்திருந்த ஆவுடையப்பன் எழுந்து உட்கார்ந்தார். தான் சொன்னதும் எங்கோ ஒரு வத்தலில் உட்கார்ந்திருக்கிறது. டின்னில் இருக்கலாம், தெருவில் எந்த வீட்டுப் பொட்டலத்திலும் இருக்கலாம். என்றைக்கோ ஒரு மத்தியானம், ரசத்துக்குத் தொட்டுக்கொள்ள அவள் நாலு வத்தலை எண்ணெயில் போடுவாள், அதில் ஒன்று எழுந்து நின்று அவர் குரலில் அவளிடமே சொல்லும். ஏச்சு வாங்குவது அவருக்குப் பழக்கம், ஏசிய ஆளாக அவள் முன்னால் நிற்பது எப்படி என்று அவருக்குத் தெரியாது. அவளைப் பிடிக்காது என்பதெல்லாம் அன்றன்றைக்குள்ள சங்கதி, அவள் போய்விட்டால் இந்த ஊரில் தன்னை ஏசுவதற்கு வெளியாட்கள் மட்டும்தான் மிஞ்சுவார்கள் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

அதிலிருந்து அவர் அடுக்களைக்குள் வர ஆரம்பித்தார். "நீ உக்காரு, நான் பொரிக்கேன்" என்றார். அவள் கரண்டியைப் பிடுங்கினாள். "முப்பத்தெட்டு வருசமா அடுப்பு எந்தப் பக்கம்னு தெரியாத மனுசனுக்கு இப்ப என்ன வந்துது?" அவள் குளிக்கப் போகிற நேரம் பார்த்து டின்னைத் திறந்து, கையில் அகப்பட்டதைப் பச்சையாகவே கடித்து விழுங்கினார், பொரிக்காத வத்தல் பேசாது அல்லவா, அப்படியே வயிற்றுக்குள் போய்விடட்டும் என்று. பல் ஒன்று ஆடிற்று, வயிறு கல்லாயிற்று, டின்னோ குறைந்தபாடில்லை. மத்தியானமானால் குடையை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்குவார், எந்த வீட்டில் எண்ணெய் காய்கிற வாசம் வருகிறதோ அந்த வீட்டுச் சுவரில் குடைக்காம்பின் நுனியை ஊன்றி மறுநுனியில் காதை வைத்து நிற்பார், பழைய நாளில் குழாய்க் கசிவு கேட்டது போலவே.

"தண்ணி விட்ட காலத்துல ரோட்டுல காதை வச்சான், இப்ப எங்க அடுக்களையில வைக்கான்" என்று ஊர் ஏசியது. ஒரு வீட்டில் கழுநீரை ஜன்னல் வழியே அவர் தலையில் ஊற்றினார்கள். அவர் துடைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

இதற்குள்ளே ஊருக்குப் புத்தி வேலை செய்ய ஆரம்பித்திருந்தது. முதலில் வந்தவள் பிரமுதான். விடியுமுன்னே பின்வாசல் வழியாக வந்து, "மதினி, பிழியும்போது நான் கொஞ்சம் பக்கத்துல உக்காந்துக்கிடட்டா?" என்றாள். உட்கார்ந்தாள். பிழிந்த கூழைக் குனிந்து பார்த்துக்கொண்டு, தன் மாமியாருக்குச் சொல்லவேண்டியதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள், மூன்றாம் நாள் காய்ந்த வத்தலைப் பொட்டலமாகக் கட்டி, "அத்தை, கஞ்சிக்கு நல்லா இருக்கும்" என்று மாமியார் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள். மறுவாரம் மாமியாரே வந்தாள், "எனக்கும் ஒரு வேட்டி போடு தாயி" என்று.

அதற்கப்புறம் கேட்கவேண்டாம். கடை வாடகையை ஏற்றிவிட்ட முதலாளிக்கு, வரப்பை நகர்த்திய அண்ணனுக்கு, மொய் வைக்காமல் தின்றுவிட்டுப் போன சம்பந்திக்கு, காலம்பூராவும் முகத்துக்கு நேரே சொல்ல வாய் வராததையெல்லாம் சொல்வதற்கு ஊர் அந்தத் தட்டட்டிப் படியில் வரிசை கட்டி நின்றது. வாயில்லாப்பூச்சி என்று பெயர் எடுத்தவர்கள்தான் அதிகம். அஞ்சல் ஆபீசில் ஒரு வார்த்தை அதிர்ந்து பேசாத மனிதர் ஒருவர் வந்து, வேட்டிக்குமேல் குனிந்து, கண்ணை மூடிக்கொண்டு பேசிய பேச்சில் கூழ் மறுபடி கொதித்தது என்று சொல்வார்கள். வடிவு யாரையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. நூற்று நாற்பது பேருக்கு ஆக்கிய கைக்கு இப்போதுதான் அளவு சரியாக வந்திருந்தது. யார் ஏசியது எது என்று அவளுக்குக் குழப்பமும் இல்லை. சொல் ஏறிய வத்தல் காயும்போது ஒரு பக்கமாகக் கோணிக்கொள்ளும், ஆளுக்கொரு கோணல், கல் பொறுக்கிப் பொறுக்கி அரிசி பார்த்த விரல் தடவினவுடனே சொல்லிவிடும்.

அவளுக்கு எல்லாம் தெரிந்தது, புருசன் வத்தலைப் பச்சையாகத் தின்பது உட்பட. ஏன் என்று ஒரு நாளும் கேட்கவில்லை. தட்டில் அவருக்கு வைக்கும்போது மட்டும் ஒவ்வொன்றாக, நிதானமாக, எண்ணெயில் விட்டாள். ஒவ்வொன்றும் விரிந்து முடிகிறவரை அவர் சோற்றில் கை வைக்கவில்லை.

கத்திரி முடிந்தது. மலைமேல் மேகம் ஏறி, சாரல் இறங்கி, காற்றில் ஈரம் வந்தது, சாரல் காலத்தில் மனுசனுக்கு வத்தல் கேட்கும், ஆலங்கிணற்றில் எல்லா வீட்டிலும் எண்ணெய் காய்ந்தது. அந்த மாதம் மாதிரி ஒரு மாதத்தை அந்த டவுன் பார்த்ததில்லை. மத்தியானம் பன்னிரண்டு அடித்தால் தெருவுக்குத் தெரு வீட்டுக்கு வீடு எண்ணெய்ச் சட்டிக்குள்ளிருந்து குரல் எழும்பியது. அண்ணன் தம்பி உறவு அறுந்தது. பொதுச்சுவர்கள் இரட்டைச் சுவராயின. யாராவது வத்தல் பொட்டலத்தோடு வாசலில் நின்றால் கதவைச் சாத்தினார்கள், சாத்தினால் 'என்ன ஏசியிருக்கிறான்' என்று தெரியாமல் தூக்கம் வராது, ஆகவே மறுபடி திறந்து வாங்கிக்கொண்டார்கள். போலீஸ் ஸ்டேஷனுக்குப் புகார் போயிற்று. "தின்னுட்டு வந்து ஏசினான்னா, சாட்சிக்கு நான் உன் வயித்தையா கிழிச்சுப் பாக்க முடியும்?" என்று ஏட்டையா திருப்பி அனுப்பினார், பிறகு அவர் வீட்டுக்கே ஒரு பொட்டலம் வந்தது.

கடைசியில் ஒரு கல்யாணத்தில் வந்து முட்டியது. வியாபாரிகள் சங்கத் தலைவர் வெயிலுகந்தான் மகள் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் பந்தியில் உட்கார்ந்து சாம்பார் விட்ட நேரம், பந்தலுக்குப் பின்னாலிருந்து தவசிப்பிள்ளை உலகநாதன், சமையல்காரர், ஒரு கூடை வத்தலைச் சட்டியில் கொட்டினார். யார் கொண்டுவந்து கலந்ததோ தெரியாது, "இந்த வீட்டுச் சோத்துக்கு எங்க வீட்டு நாய்கூட வராது" என்று ஒரு வத்தல் மாப்பிள்ளையின் அத்தை குரலில் கணீரென்று சொல்லிற்று. தாலி கட்டி ஒரு நாழிகை ஆகவில்லை, பந்தி எழுந்துவிட்டது.

அன்று சாயங்காலம் ஊர் மொத்தமும் ஆவுடையப்பன் வீட்டு வாசலில் நின்றது. ஆயுசிலே முதல்முறையாக மேலத்தெருவும் கீழத்தெருவும் கோயில் தெருவும் தோளோடு தோள் நின்றன.

"வே, வெளியே வாரும்!" என்று கத்தினார் வெயிலுகந்தான். "தண்ணிய வச்சு ஊரைப் பிரிச்சீரு, இப்ப வத்தலை வச்சுப் பிரிக்கீரு. ராவோட ராவா சட்டிபானையை எடுத்துக்கிட்டு மகள் வீட்டுக்குப் போயிரும். இல்லைன்னா வீடு இருக்காது."

"நான் என்ன அண்ணாச்சி செஞ்சேன்?" என்றார் ஆவுடையப்பன். அந்தக் கேள்வியை அவர் வாழ்நாளெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார், அதற்கு அந்த ஊர் ஒருநாளும் பதில் சொன்னதில்லை. ஒரு கல் வந்து ஜன்னலில் விழுந்தது. இரண்டாவது கல் அவர் முழங்காலில்.

வடிவு அவரை ஒதுக்கிவிட்டு முன்னே வந்தாள். பள்ளிக்கூடத்தில் தட்டை ஏந்திக்கொண்டு கத்துகிற பிள்ளைகளைப் பார்க்கிற பார்வை.

"நான் பிழிஞ்சது கூழு. ஏசினது யாரு? படி தேய ஏறி வந்தது யாரு? வெயிலுகந்த அண்ணாச்சி, உங்க கோணல்கூட என் விரலுக்குத் தெரியும், சொல்லவா, யாரை ஏசினீகன்னு?"

கூட்டம் வெயிலுகந்தானைப் பார்த்தது. அவர் செருப்பைப் பார்த்தார்.

"வீட்டுல உள்ள வத்தலை எல்லாரும் கொண்டாங்க" என்றாள். "ஒரு பொட்டு விடாம. ஒரே கொப்பரையில போட்டுப் பொரிச்சு விட்டிருதேன். மொத்தமா ஏசினா யாரை யாரு ஏசினான்னு எவனுக்குத் தெரியப்போவுது? நூத்திநாப்பது பேருக்குப் பொரிச்சவளுக்கு ஊருக்குப் பொரிக்கத் தெரியாதா? அதுக்கப்புறமும் ஆத்திரம் இருந்தா வந்து கல்லெறிங்க, நான் எங்கயும் போகல."

மறுநாள் சாயங்காலம் சந்தை மைதானத்தில் மூன்று கல் கூட்டிக் கல்யாணக் கொப்பரையை ஏற்றினார்கள். சாரல் ஓய்ந்திருந்தது. உலகநாதன் எண்ணெயை ஊற்றினார், பொரித்ததை அள்ளிக் கொட்ட வடிவு தன் அலுமினிய அண்டாவைக் கொண்டுவந்து வைத்தாள். டின் டின்னாக, சாக்கு சாக்காக, முந்தானையில் முடிந்தும், சட்டைப் பையில் ஒளித்தும் வத்தல் வந்து குவிந்தது, ஆவுடையப்பன் தங்கள் வீட்டு டின்னைத் தானே தூக்கிவந்து தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டினார், டின்னின் மூலையில் விரலை விட்டுத் துழாவினார். அவருக்கு நெஞ்சு லேசாகியிருந்தது. இத்தனை ஆயிரம் ஏச்சுக்கு நடுவே தன்னுடைய ஒன்று எங்கே கேட்கப்போகிறது, குளத்தில் பெய்த மழையாகப் போய்விடும், சாமி, நீ இருக்கிறாய்.

உலகநாதன் கூடையோடு கவிழ்த்தார். எண்ணெய் பொங்கியது, அந்த மலை முழுவதும் ஒரே மூச்சில் விரிந்து எழுந்தது, ஆலங்கிணறு முழுவதும் ஒரே நேரத்தில் ஆலங்கிணற்றை ஏசியது. மரத்திலிருந்த காக்காயெல்லாம் கிளம்பி வானத்தை மறைத்தன. நாய்கள் பஸ் ஸ்டாண்டு தாண்டி ஓடின. மேற்கே மலையில் பட்டு அது திரும்பி வந்தது, ஆனால் நடந்தது வடிவு சொன்னது மாதிரி இல்லை. அத்தனை கூச்சலிலும் ஒவ்வொருவருக்கும் தன் குரல் மட்டும் தனியாகக் கேட்டது. அடுத்தவன் தன்னை ஏசியது ஒருத்தருக்கும் கேட்கவில்லை, தான் ஏசியது மட்டும் ஒரு எழுத்துக் குறையாமல் காதுக்குள் வந்து நின்றது. பிரமு இரண்டு காதையும் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். அஞ்சல் ஆபீஸ்காரர் அழுதார். வெயிலுகந்தான் யாரையும் பார்க்காமல் எங்கோ பார்த்தார்.

ஆவுடையப்பன் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். மண்ணுக்கடியில் மயிரிழைக் கசிவைக் கேட்ட காது. அவருக்கு ஒன்றுமே கேட்கவில்லை. எண்ணெய் சலசலக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

பொரித்ததை வீணாக்கக் கூடாது என்பதால் ஊர் அதைத் தின்றது. யாருடைய ஏச்சை யார் தின்கிறோம் என்று தெரியாமல், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், கை கொண்டமட்டும் அள்ளிக்கொண்டு, "உப்பு தூக்கல்" என்றோ "கருகிட்டு" என்றோ குறை சொல்லிக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள். யாரும் அந்த இரண்டு பேரிடம் போய்வருகிறேன் என்று சொல்லவில்லை. கல்லும் எறியவில்லை.

மைதானத்தில் கொப்பரையும், அடுப்பைத் தணிக்கக் காத்திருந்த உலகநாதனும், அவர்கள் இருவரும் மிஞ்சினார்கள். ஆவுடையப்பன் காலி டின்னை மடியில் வைத்துக்கொண்டு கல்லில் உட்கார்ந்திருந்தார். எல்லோருடையதும் பொரிந்துவிட்டது. தன்னுடையது எங்கே?

"எக்கா, எண்ணெய் ஆறுது, இறக்கிரட்டா?" என்றார் உலகநாதன்.

"செத்த இரும்" என்றாள் வடிவு.

முந்தானையை இழுத்து, அதன் நுனியில் இருந்த முடிச்சைப் பல்லால் நெகிழ்த்தினாள். முடிச்சுக்குள் ஒரே ஒரு வத்தல் இருந்தது, இடது பக்கமாகக் கோணி, விரல் பட்டுப் பட்டு மினுங்கிப்போய். ஆவுடையப்பன் எழுந்தார்.

"வடிவு" என்றார். "வேண்டாம்."

அவள் எண்ணெயில் விட்டாள். அது ஒரு கணம் அடியில் கிடந்தது, பிறகு வெள்ளையாக விரிந்து மேலே வந்து, அந்த வெறும் மைதானத்தில், அவர் குரலில், இவ போய்ச் சேந்தாத்தான் எனக்கு ஒரு வாய்த் தண்ணி நிம்மதியா இறங்கும் என்று சொல்லிவிட்டுச் சும்மா மிதந்தது. உலகநாதன் கரண்டியைக் கழுவப் போகிற மாதிரி அந்தப் பக்கம் போனார்.

மிதந்த வத்தலைப் பார்த்தபடி அவர், "எப்பத் தெரியும் உனக்கு?" என்றார்.

"நீங்க சொல்லும்போதே தெரியும். படியிலதான நின்னேன்." அவள் சல்லடைக் கரண்டியால் வத்தலை எடுத்து எண்ணெய் வடிய உதறினாள். "சாவியைப் போட்டது தப்புன்னு தோணிச்சு. வாயால சொல்ல வரல. அதான் மோரைக் கலக்கிக்கிட்டு மேல வந்தேன்."

ஆவுடையப்பனுக்கு அந்தச் சொம்பு ஞாபகம் வந்தது, அது அத்தனை வெயிலிலும் சில்லென்று இருந்தது ஏன் என்று இப்போதுதான் விளங்கியது.

"அன்னைக்கே கேட்டிருக்கலாம்லா? ரெண்டு மாசம்... பல்லு ஆடிப்போச்சு, கழுநீரை ஊத்தினான், நான் வீடு வீடா..."

"பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றாள் அவள். "வத்தல்னா நல்லாக் காயணும். அரைகுறையா ஈரத்தோட எடுத்தா பூத்துப்போவும். அதான் காயட்டும்னு விட்டுட்டேன்."

அவள் குரலில் இரக்கமும் இல்லை, கோபமும் இல்லை, வத்தலைப் பற்றிப் பேசுகிற குரல்தான் அது. வத்தலை இரண்டாக முறித்தாள், சரிபாதியாக, பிள்ளைகளுக்கு முட்டை நறுக்கிக் கொடுக்கிற கணக்கில்.

"சொன்னவருக்குப் பாதி. கேட்டவளுக்குப் பாதி. தின்னுங்க."

அவர் வாங்கினார். வாயில் போட்டார். ஆடுகிற பல்லில் படாமல் ஒதுக்கி மென்றார், மெல்ல மெல்ல அது கரைந்து, ஒரு வழியாக இறங்கியது. அவளும் மென்று முடித்து, முந்தானையை உதறிச் செருகினாள்.

"உப்பு எப்படி?" என்றாள்.

"சரியா இருக்கு."

"மோர்ல?"

"அதுலயும் இருந்துது."

மலைப்பக்கமிருந்து சாரல் மறுபடி இறங்கிவந்தது. அவர் குடையை விரித்தார், அண்டாவைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அவள் முன்னே நடந்தாள், சாவியைப் போட்டு வாங்கிய அண்டா, அதன்மேல் தூறல் விழுந்து தண்ணீர்க் குழாய் நிறைகிற மாதிரி சத்தம் கேட்டது. அவர் எட்டி நடந்து குடையை அவள் பக்கம் சாய்த்துப் பிடித்தார், அவருடைய இடது தோள் முழுக்க நனைந்தது.

"தெரியுதுல்லா சாய்ச்சுப் பிடிக்க?" என்றாள் அவள், திரும்பிப் பார்க்காமல். "கத்திரியில என்னவாம்?"